கரைத்து ஊற்றும் கருணை

வீட்டில் முதியவர் ஒருவர் சோற்றை விழுங்கத் திணறுகிறார் என்று தெரிந்தால், மறுவேளையிலிருந்தே அவருடைய சாதம் கஞ்சியாகிவிடுகிறது. கஞ்சிக்கும் அவர் இருமத் தொடங்கினால், அது இன்னும் நீராகக் கரைக்கப்பட்டு, குழந்தைக்குப் போலப் பாலாடையில் புகட்டப்படுகிறது. "வயசானா அப்படித்தான், தண்ணியாக் கொடுத்தா தானா இறங்கிடும்" என்ற வாக்கியம் நம் குடும்பங்களில் வேதவாக்கின் அந்தஸ்தைப் பெற்றிருக்கிறது. அதைச் சொல்பவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த அன்பு எத்தனையோ முதியவர்களுக்கு நிமோனியாவைத் தேடிக் கொடுக்கிறது என்பதையும், வேறு சிலருக்கு உள்ளே வளரும் வியாதியை மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறது என்பதையும், சொல்கிறவனுக்குக் கெட்ட பெயர் வந்தாலும் யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

விழுங்குதல் வெறும் புவியீர்ப்பின் காரியமன்று. மூச்சுக்கும் உணவுக்கும் தொண்டையில் சிறிது தூரம் ஒரே பாதை. அதற்குக் கீழே மூச்சுக்குழல் முன்னும் உணவுக்குழல் பின்னுமாகப் பிரிகின்றன. ஒரு வாய் உணவு அந்தப் பிரிவுக்கு வந்து சேரும்போது, குரல்வளை மேலும் முன்னுமாக எழும்பி, அதன் மூடி கவிழ்ந்து, குரல்நாண்கள் ஒன்றோடொன்று நெருங்கி, மூச்சு தற்காலிகமாக நின்று, உணவுக்குழலின் வாய் திறந்து, உணவு உட்சென்ற பிறகு யாவும் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். இத்தனையும் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் நடந்து முடிகின்றன. பக்கவாதத்தாலோ நடுக்குவாதத்தாலோ இந்தக் கிரமம் சற்றே தாமதப்பட்டாலும், மெல்ல நகரும் கெட்டியான உணவு அந்தத் தாமதத்தைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்; தண்ணீரும் நீர்மோரும் பொறுப்பதில்லை, மூடி கவிழுமுன்பே மூச்சுக்குழலுக்குள் ஓடிவிடுகின்றன. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றி எழுதிய சிறு நூலிலேயே, நோயாளிகள் விழுங்கச் சிரமப்படுவதையும் அவர்கள் வாயிலிருந்து எச்சில் வழிவதையும் குறித்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளாக வைத்திய சாஸ்திரம் அறிந்த ஒரு வியாதிக் குறியை நாம் இன்னமும் 'வயசு' என்று பெயரிட்டுத் தள்ளிவிடுகிறோம்.

ஊட்டும் காட்சியைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். கட்டிலில் பாதி சாய்ந்தும் பாதி சரிந்தும் கிடக்கும் மாமியாரின் மோவாயை இடக்கையால் நிமிர்த்தி, அண்ணாந்த வாய்க்குள் மருமகள் கஞ்சியை விடுகிறாள். "இன்னும் ரெண்டே வாய், அத்தை" என்கிறாள். முந்தைய வாய் இறங்கிற்றா என்று பார்க்க அவளுக்கு அவகாசமில்லை, அடுப்பில் குக்கர் கூவிக்கொண்டிருக்கிறது. கிழவிக்குப் புரையேறுகிறது, கண்களில் நீர் முட்டுகிறது. உடனே உச்சந்தலையில் தட்டி, "வெளியூரிலே உங்க பெரிய பிள்ளை உங்களை நினைக்கிறார் போலிருக்கு" என்று சமாதானம் சொல்லி, புரையை அடக்குவதற்காக அதே அண்ணாந்த வாயில் இன்னொரு மிடறு தண்ணீரும் புகட்டப்படுகிறது. தலையை அண்ணாத்துவதே மூச்சுப் பாதையைத் திறந்து கொடுக்கும் செயல். அந்தப் பாதையில் மற்ற எதையும்விட வேகமாக நுழைவது தண்ணீர். வெளியூரில் இருக்கும் மகன் நினைத்தானோ இல்லையோ, கஞ்சியில் ஒரு பங்கு தவறான குழலுக்குள் போயிற்று என்பது நிச்சயம். சாப்பிட்டு முடித்ததும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழப்பதும், சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருவதும் அதன் சாட்சியங்கள். இருமவே இல்லையே என்று நிம்மதி அடையவும் வழியில்லை. தொண்டையின் உணர்ச்சி மழுங்கிய சிலருக்கு உணவு நுரையீரலுக்குள் இறங்கினாலும் இருமல் எழுவதில்லை.

தொண்டையில் அன்றி, "நெஞ்சிலே வந்து நிக்குது" என்று மார்பெலும்பைத் தொட்டுக் காட்டுகிறவரின் கதை வேறு. இவருக்குக் கஞ்சி உண்மையிலேயே சுலபமாக இறங்கும். அபாயமும் அதிலேயே இருக்கிறது. முதலில் சப்பாத்தி நிற்கிறது, பிறகு தோசை, பிறகு சோறு என்று ஒவ்வொன்றாகத் தடைபட்டு வந்தால், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழலின் உட்புறம் எங்கோ சுருங்கி வருகிறது என்று பொருள். ஆண்டுக்கணக்கில் அமிலம் மேலேறிச் சுட்ட வடுவாக இருக்கலாம். புற்றாகவும் இருக்கலாம், முக்கியமாக வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் உள்ளவருக்கு. அப்பொழுது உணவைக் கரைப்பது எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்துவிடுவதே ஆகும். கஞ்சியும் நிற்கத் தொடங்கி, உடம்பு பாதியாய் இளைத்த பின்னர்தான் எண்டோஸ்கோப்பிக்கு அழைத்துப் போகிறோம். சோறும் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே ஒருங்கே தடைபட்டால், அது பெரும்பாலும் குழலின் தசை இயக்கத்தைப் பற்றிய தொந்தரவு. அதற்கும் பரிசோதனை வேண்டும், ஆனால் பரிசோதனையும் சிகிச்சையும் வேறு.

அமிலம் மேலேறுவதை நம்மவர்கள் அமிலம் என்று ஒப்புவதே இல்லை. எல்லாம் வாயு. வாயு என்றால் சோடா, ஓமத்தண்ணீர், இஞ்சிச் சாறு; படுக்கப் போகுமுன் 'சூட்டைத் தணிக்க' ஒரு டம்ளர் பால். பால் சற்று நேரம் எரிச்சலை ஆற்றுவது மெய். பிறகு அதுவே வயிற்றை மேலும் சுரக்கத் தூண்டுகிறது. இரைப்பையின் மேல்வாயிலுள்ள தசை வளையம் தளர்ந்த ஒருவருக்கு, வயிறு நிறையக் கஞ்சியும் அதன் மேல் பாலும் கொடுத்து உடனே மல்லாத்திப் படுக்கவைத்தால், நடுநிசியில் புளித்த நீர் தொண்டைக்கு வந்து அவரை எழுப்பாமல் வேறென்ன செய்யும்? ரத்த அழுத்தத்துக்கும் மார்வலிக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் அந்த வளையத்தை இளக்குகின்றன. ராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவதும், கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்குக் கீழே 15 அல்லது 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டை கொடுப்பதும், இடப்பக்கமாகப் படுக்கச் சொல்வதும் செலவில்லாத சிகிச்சைகள். தலையணைகளை அடுக்குவது கழுத்தையும் வயிற்றையும் மடக்குமேயன்றி அமிலத்தைத் தடுக்காது. வியர்வையோடு வரும் மார்வலியை வாயு என்று எண்ணிச் சோடா வாங்க ஓடுகிறவர்கள், மாரடைப்புக்குச் சிகிச்சை பெறும் நேரத்தை இழந்துவிடுகிறார்கள்.

கஞ்சி குடித்தே நம் பாட்டனார்கள் தொண்ணூறு வரை வாழ்ந்தார்களே என்பார்கள். தொண்டை செம்மையாக இருந்தவர்கள் வாழ்ந்தார்கள். அல்லாதவர்களின் மரணத்துக்குச் 'சளி கட்டிக்கொண்டது' என்று காரணம் எழுதினோம். அதற்காக எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிட்டால் போதும் என்பதும் அதேபோன்றதொரு மூடநம்பிக்கையே; தண்ணீரைக் கெட்டியாக்கித் தந்தால் வெறுத்துக் குடிக்காமலே உலர்ந்து போகிற முதியவர்கள் உண்டு. எவருக்கு எது இறங்கும் என்பதைப் பார்த்துச் சொல்ல, பேச்சுப் பயிற்சி அளிக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் உறுப்புகள் ஒன்றேயாதலால் இவ்விரண்டும் அவர்களுடைய துறையே; நம் பக்கத்திலேயே, மைசூரில், இத்துறைக்கென ஓர் அகில இந்திய நிறுவனம் 1965 முதல் நடந்துவருகிறது. அவர்களைப் பார்க்கும் வரையில், நிமிர்ந்து உட்காரவைத்து, மோவாயை அண்ணாத்தாமல், சிறு கரண்டியில் கொடுத்து, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்ததை நீட்டி, உண்டபின் அரை மணியாவது படுக்கவிடாமல், வாயைச் சுத்தமாகத் துடைத்துவிடலாம். வாயில் பெருகும் கிருமிகளே நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகின்றன. ரசஞ்சாதத்தைச் சுலபமான ஆகாரம் என்று நினைக்கிறோம். நீரும் பருக்கையும் தனித்தனியே ஓடும் அதைத் தொண்டை தளர்ந்தவரால் சமாளிப்பது மிகக் கடினம். அதைவிடக் கெட்டித் தயிரும் நன்கு மசித்த பருப்பும் எத்தனையோ மேல்.

மாத்திரைகளையும் இந்தக் கருணை விட்டுவைக்கவில்லை. அமிலத்தைக் குறைக்கக் கொடுக்கும் பான்டாப்ரசோல் மாத்திரைக்கு, இரைப்பையின் அமிலம் அதைக் கெடுத்துவிடாதபடி ஒரு மேற்பூச்சு உண்டு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் முழுதாக விழுங்கவேண்டிய அதை அம்மியில் நுணுக்கிக் கஞ்சியில் கலந்து கொடுத்துவிட்டு, "எத்தனை மாத்திரை கொடுத்தும் எரிச்சல் நிக்கலே" என்று டாக்டரைக் குறை சொல்கிறார்கள். முழுதாக விழுங்க முடியவில்லை என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தால், வேறு வடிவில் வரும் மருந்தை எழுதிக் கொடுத்திருப்பார்.