'சில்லறை இல்லை' என்னும் அதிகாரம்

இந்த நாட்டில் மிகுதியாகச் சொல்லப்படும் பொய் எது என்று கேட்டால், தயங்காமல் 'சில்லறை இல்லை' என்பதையே சொல்வேன். எல்லா நேரமும் அது பொய்யன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையாக இருக்கும்போதும் அதன் சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதே என் கேள்வி.

320-இல் ஒரு பங்குக்கு 'முந்திரி' என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. அரைக்காணி, காணி, மாகாணி என்று பின்னங்களை அடுக்கிக் கணக்குப் பார்த்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் வழிவந்த நாம் இன்று ஒரு ரூபாயைத் திருப்பித் தர வகையற்று மிட்டாயை நீட்டுகிறோம். அதே மிட்டாயை மறுநாள் அதே கடையில் ஒரு ரூபாயாக நீட்டிப் பாருங்கள், வாங்கமாட்டார். அப்படியானால் அது சில்லறையன்று, நம் விருப்பமின்றி நம் தலையில் கட்டப்பட்ட சரக்கு.

இங்கே பணிபுரிய வரும் அயல்நாட்டார் முதல் மாதத்திலேயே இதைக் கண்டுகொள்கிறார்கள். எங்கள் கல்லூரிக்கு மொழி கற்பிக்க வந்த ஒருவர், "இயந்திரம் ஐந்நூறு ரூபாய்த் தாளாகவே தருகிறது; ஆட்டோக்காரர் நூறுக்கே சில்லறை இல்லை என்கிறார்; நடுவில் நான் என்ன செய்வது?" என்று கேட்டார். உடனிருந்தோர் சிரித்தார்கள். 'இந்தியா அப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள்' என்றார்கள். எனக்குச் சினம் மூண்டது அந்தச் சிரிப்பின் மீதுதான். உள்ளூரார் 'நாளைக்குத் தர்றேன் அண்ணாச்சி' என்று சொல்லி நகர்ந்துவிடலாம். முகமும் மொழியும் அறியாதவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வருபவனுக்கும் இதே கதிதான். அவனுடைய மீதியைப் பற்றி நாம் சிரிப்பதுகூட இல்லை.

அரசின் பங்கும் சிறிதன்று. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்துவிட்டு, மக்கள் கையில் புதிய 2000 ரூபாய்த் தாளைத் திணித்தார்கள். அதை மாற்ற நாடே அலைந்தது. அந்தத் தாளையும் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக 2023 மே மாதம் அறிவித்தார்கள். பத்து ரூபாய் நாணயம் போலி என்று வதந்தி பரவியபோது, 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி விளக்கியது. அதன் பின்னரும் வாங்க மறுத்த கடைகள் பல. 25 காசு 2011-இல் சட்டப்படியே விடைபெற்றது. 50 காசோ இன்றும் சட்டப்படி செல்லும் நாணயம். கடைத்தெருவில் மட்டும் அது செல்லாக்காசு. எது செல்லும் என்பதைச் சட்டம் சொல்கிறதா, கல்லாப்பெட்டி சொல்கிறதா?

'அதுதான் யுபிஐ வந்துவிட்டதே' என்பார்கள் அன்பர்கள். 2016-இல் தொடங்கிய அந்த ஏற்பாடு பெரிய உதவிதான். ஏழு ரூபாயை ஏழு ரூபாயாகவே செலுத்த முடிகிறது. ஆயினும் அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும், கைப்பேசி வேண்டும், பழக்கமும் வேண்டும். நேற்று வந்திறங்கிய அயலாரும், பொத்தான் கைப்பேசியோடு கீரை வாங்க வரும் பாட்டியும் இன்னும் தாளையும் நாணயத்தையும் நம்பித்தான் இருக்கிறார்கள். எல்லோரும் ஏறாத வண்டியைக் காட்டி, நடப்பவனுக்கு வழியே வேண்டாம் என்பது நியாயமாகாது.

பயணச்சீட்டின் பின்புறம் மீதியை எழுதிக் கொடுக்கும் நடத்துநர் மீது எனக்குக் கோபமில்லை. கைப்பையில் போதிய சில்லறை தராமல் அவரைப் பேருந்தில் ஏற்றிவிடும் நிர்வாகம்தான் பதில் சொல்லவேண்டும். கடைகளுக்கும் இதுவே பொருந்தும். 99 ரூபாய் என்று விலை எழுதுபவர், அந்த ஒரு ரூபாயையும் எடுத்து வைத்துவிட்டு எழுதட்டும். விலை வைக்கும் உரிமை யாருக்கோ, மீதி தரும் கடமையும் அவருக்கே.

ஒரு ரூபாயைக் கேட்டு நிற்பதைச் 'சில்லறைத்தனம்' என்று பழிக்கிறது நம் பேச்சு வழக்கு. அச்சொல்லுக்கு உரியவர் கேட்பவரல்லர். பிறர் காசைக் கல்லாவில் போட்டுக்கொண்டு, கேட்டவரை ஏளனமாகப் பார்ப்பவரே. ஆகவே கேளுங்கள் நண்பர்களே, கூச்சமின்றிக் கேளுங்கள். உங்களுக்கு அருகில், கேட்க மொழியின்றி ஒருவர் நின்றால், அவருக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.