லாரி வாடகையை எழுதினோம். பிள்ளையின் பள்ளியை எழுதினோமா?



ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் எங்கள் பள்ளி அலுவலகத்திற்குப் பள்ளி மாற்ற விண்ணப்பங்கள் வந்து சேரும். சுங்கைப் பட்டாணியை விட்டுச் சிலர் கோலாலம்பூருக்கும், சிலர் கிள்ளானுக்கும், பலர் ஜொகூர் பாருவுக்கும் பெயர்கின்றனர். பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் கிடைக்கும் என்பதை அறியாதவர் யார்? பிழைப்புக்காக ஊர் மாறுவதைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. நானே அரசு ஆணையை ஏற்று ஊர் ஊராகப் பெட்டி தூக்கியவன்தான். என் ஆதங்கம் வேறு. பெயரும் குடும்பங்கள் போடும் திட்டத்தில் பிள்ளையின் பள்ளி எங்கே இருக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சியை முடித்தபின் ஜொகூரில் பணியாற்றினேன். 2012ஆம் ஆண்டில் எனக்குக் கெடாவுக்கு மாற்றல் கிடைத்தது. ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தூரம். மனைவி, இரு பிள்ளைகள், வீடு நிறையப் பொருள்கள். எதையும் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் ஒரு குறிப்பேட்டில் 14 வரிகளில் செலவுத் திட்டம் ஒன்றைத் தயாரித்தேன். லாரி வாடகை, ஏற்றி இறக்குவோர் கூலி, வீட்டு முன்பணம், வாடகை ஒப்பந்தத்தின் முத்திரைக் கட்டணம், மின்சாரம், தண்ணீர், நெடுஞ்சாலைக் கட்டணம், எண்ணெய், வழிச் சாப்பாடு என்று ஒன்றும் விடுபடவில்லை. போட்ட கணக்கிற்கும் ஆன செலவிற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனக்கு அதில் சற்றுப் பெருமையும் இருந்தது. ஊர் மாறப் போகிறவர் யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன்.

2018ஆம் ஆண்டில் என் மாணவி ஒருத்தியின் தந்தை அதைக் கேட்டு வாங்கிச் சென்றார். மகள் அப்பொழுது நான்காம் ஆண்டு. வகுப்பில் கதைகளை உரக்க வாசிக்கச் சொன்னால் முதலில் எழுந்து நிற்பவள். என் கணக்கைப் பின்பற்றி, முன்பணத்தைக் குறைக்க வேண்டி, நகரின் ஒதுக்குப்புறத்தில் வாடகை குறைந்த வீடொன்றைப் பிடித்தார். போன பின்புதான் தெரிந்தது: அந்தத் தாமானுக்குத் தமிழ்ப்பள்ளி வேன் வருவதில்லை. அவர் எல்லையைக் கடப்பதற்காக விடியற்காலை 4.30க்கே வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. எதிர்ச் சாலையில் தேசியப் பள்ளி இருந்தது. மகள் அங்கே சேர்ந்தாள். "தற்காலிகமாக" என்றார்கள். அந்தத் தற்காலிகம் ஆறாம் ஆண்டு முடியும்வரை நீடித்தது.

பின்னொரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அவரைச் சந்தித்தேன். அவர் என்மீது கோபம் கொள்ளவில்லை. "ஐயா, உங்க கணக்குல ஒரு காசுகூடத் தப்பு இல்லீங்க. ஆனா பிள்ளைய யாரு ஏத்தி இறக்குறதுன்னு மட்டும் அதுல எழுதலையே," என்றார்.

நான் எழுதவில்லைதான். ஏன்? என் பிள்ளைகள் நான் பணியாற்றிய பள்ளியிலேயே பயின்றனர். என் காரிலேயே வந்தனர். எனக்குத் தேவைப்படாத வரி என் கணக்கில் இல்லாமல் போயிற்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் தயாரித்த திட்டத்திலேயே தமிழ்ப்பள்ளிக்கு இடமில்லை என்றால், மற்றவர்களை எப்படிக் குறை சொல்வது?

இப்பொழுது கணக்கிற்கு வருவோம். நம் மக்கள் அடிக்கடி கூறும் காரணம், "பள்ளிக்குப் பக்கத்து வீடு வாடகை அதிகம்" என்பதுதான். எடுத்துக்காட்டுக்காக இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். தொலைவில் உள்ள வீட்டிற்கு மாத வாடகை 1,200 ரிங்கிட். தமிழ்ப்பள்ளிக்கு நடந்து செல்லும் தூரத்தில் உள்ள வீட்டிற்கு 1,400 ரிங்கிட். வழக்கப்படி இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரம் தண்ணீருக்காக அரை மாத வாடகை, முதல் மாத வாடகை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கிறோம். அப்படியானால் தொலைவு வீட்டிற்கு 4,200 ரிங்கிட். பக்கத்து வீட்டிற்கு 4,900 ரிங்கிட். 700 ரிங்கிட் அதிகம் என்றவுடன் மனம் பின்வாங்குகிறது. ஆனால், அந்த 700இல் 500 ரிங்கிட், வீட்டைக் காலி செய்யும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஓராண்டைக் கணக்கிடுங்கள். பக்கத்து வீட்டின் வாடகை 16,800 ரிங்கிட். தொலைவு வீட்டின் வாடகை 14,400 ரிங்கிட். பள்ளி வேனுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 150 ரிங்கிட் என்றால், இரு பிள்ளைகளுக்கு மாதம் 300; பதினொரு மாதத்திற்கு 3,300 ரிங்கிட். ஆக மொத்தம் 17,700 ரிங்கிட். மலிவு என்று நினைத்த வீடு 900 ரிங்கிட் கூடுதலாகத் தின்கிறது! வேன் வருமானால் இந்தக் கணக்கு. வராவிட்டால், எந்த வீடு மலிவோ அதுவே பிள்ளையின் பயிற்றுமொழியைத் தீர்மானித்துவிடுகிறது. உங்கள் ஊரில் தொகைகள் மாறலாம். கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

"தேசியப் பள்ளியும் நல்ல பள்ளிதானே? எங்கே சேர்ப்பது என்பது பெற்றோரின் உரிமை அல்லவா?" என்று சிலர் கேட்பர். உரிமைதான். ஆய்ந்து பார்த்து அம்முடிவை எடுத்தவர்களோடு நான் இங்கு வாதிட வரவில்லை. ஆனால், அந்தத் தந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. வாடகை தேர்ந்தெடுத்தது, வேன் ஓட்டுநர் தேர்ந்தெடுத்தார். நான்காண்டுகள் தமிழில் கணிதமும் அறிவியலும் பயின்ற பிள்ளை, ஒரே வாரத்தில் அனைத்தையும் மலாய்மொழியில் பயில வேண்டியதாயிற்று. "அங்கும் தமிழ் வகுப்பு உண்டே" என்பார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகக் கற்பிக்க வழியுண்டு. புதிதாகக் குடியேறிய ஊரில் அந்த 15 பேரை யார் தேடிப் பிடிப்பது?

இதனால் இழப்பது ஒரு குடும்பம் மட்டுமன்று. 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் அப்படிப்பட்டவை எத்தனை என்பதை ஆசிரியர்கள் அறிவர். கெடாவில் உள்ள சிறிய பள்ளி ஒரு மாணவியை இழக்கிறது. ஜொகூரின் தமிழ்ப்பள்ளியிலாவது அவள் கூடினால் மனம் ஆறும். அங்கும் கூடவில்லையே! இரண்டு ஊர்களுக்கும் இடையில், அந்த 700 கிலோமீட்டரில், அவள் நம் கணக்கிலிருந்து தொலைந்துபோனாள். முதலாம் ஆண்டுப் பதிவின்போது பதாகை கட்டி, மாலை அணிவித்து, புத்தகப்பை கொடுத்து வரவேற்கிறோம். நான்காம் ஆண்டில் மூட்டை முடிச்சுகளோடு ஊர் மாறும் பிள்ளைக்கு வழிகாட்ட யார் இருக்கிறார்?

ஆகவே பெற்றோர்களே, திட்டத்தின் வரிசையை மாற்றுங்கள்.

1. வேலை உறுதியானவுடன் வீடு தேடாதீர்கள்; பள்ளியைத் தேடுங்கள். ஜொகூர் பாருவையே எடுத்துக்கொண்டால், ஜாலான் யஹ்யா அவால், தாமான் துன் அமினா, மாசாய் என்று வெவ்வேறு மூலைகளில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வேலையிடத்திற்குப் போகும் வழியில் எது இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள்.

2. பள்ளி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். பிள்ளையின் ஆண்டில் இடம் உள்ளதா? வகுப்பு காலையிலா, பிற்பகலிலா? எந்தெந்தத் தாமான்களிலிருந்து பள்ளி வேன் வருகிறது? மூன்றாவது கேள்விக்கான விடைதான் நீங்கள் வீடு தேட வேண்டிய இடங்களின் பட்டியல்.

3. அதன் பிறகு வீட்டைப் பாருங்கள். படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். ஒருநாள் விடுப்பெடுத்து நேரில் சென்று, காலை வேளையில் வீட்டிலிருந்து பள்ளிவரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

4. பழைய வீட்டின் முன்பணத்தை நம்பிப் புதிய வீட்டின் கணக்கைப் போடாதீர்கள். அது பெரும்பாலும் காலி செய்த பிறகுதான் கைக்கு வரும். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

5. பள்ளி மாற்ற விண்ணப்பத்தை முன்கூட்டியே தொடங்குங்கள். பிறப்புப் பத்திரம், பெற்றோர் அடையாள அட்டை, புதிய முகவரிக்கான சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள்; அக்கோப்பை லாரியில் ஏற்றிவிடாதீர்கள்! 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் சனவரியில் தொடங்குகிறது. இயன்றவரை ஆண்டிறுதி விடுமுறையில் பெயருங்கள்.

ஆசிரியர்களே, நமக்கும் ஒரு சொல். விண்ணப்பம் வந்தால் கையொப்பமிட்டு, வருகைப் பதிவேட்டில் பெயரை வெட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? "எந்தப் பள்ளிக்குப் போகிறாய்?" என்று பிள்ளையிடமும், "வேன் பார்த்தாயிற்றா?" என்று பெற்றோரிடமும் கேட்க இரண்டு நிமிடம் போதும். அந்த ஊர்த் தமிழ்ப்பள்ளியில் நம்மோடு பயிற்சி பெற்றவர் ஒருவராவது இருப்பார். அவரை அழைத்து, "எங்கள் பிள்ளை ஒருத்தி வருகிறாள்" என்று சொல்வதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை. 2018இல் என் கைப்பேசியில் ஜொகூர் நண்பர்களின் எண்கள் இருபதுக்குமேல் இருந்தன. நான் ஒருவரையும் அழைக்கவில்லை.

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்றும் கேட்பவர்களுக்கு நகலெடுத்துத் தருகிறேன். இப்பொழுது அதில் 15 வரிகள். புதிதாகச் சேர்த்த வரியை அடியில் எழுத இடமிருந்தது, நான் லாரி வாடகைக்கு மேலே, முதல் வரியாக எழுதியிருக்கிறேன்: "பிள்ளை எந்தப் பள்ளி? யார் கொண்டுபோவது?"

அந்த வரியை நிரப்பாமல் லாரிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்