மொட்டை மாடிச் சாவி யாரிடம்?

பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கம் வரை நெடுஞ்சாலையின் இருபக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் பலர் இங்கே வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். நாங்கள் போய்வரும் கட்டடங்கள் பலவற்றில் ஒரு விதி உண்டு: வீட்டுக்கு வீடு டிஷ் வைக்கக் கூடாது, மாடியில் பொது டிஷ் இருக்கிறது, அதிலிருந்து லைன் எடுத்துக்கொள்ளலாம்.

கேட்பதற்கு நியாயமான விதிதான். ஒரு டிஷ், அதன் முன்னால் எல்.என்.பி., அங்கிருந்து மல்டிஸ்விட்ச் என்ற பெட்டி, பெட்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு கேபிள். செட்டாப் பாக்ஸ் மட்டும் அவரவருடையது. நாற்பது டிஷ் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று போதும். சுவரெல்லாம் ஓட்டை போட வேண்டாம். புயலில் பிய்த்துக்கொண்டு யார் தலையிலாவது விழும் என்ற பயமும் குறைவு. பகிர்ந்துகொள்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. எப்படிப் பகிர்கிறோம் என்பதுதான் எங்கள் கேள்வி.

டிஷ் ஒரே திசையைத்தான் பார்க்கும். டி.டி.எச். நிறுவனங்கள் எல்லாம் ஒரே செயற்கைக்கோளில் இல்லை. பொது டிஷ் ஒரு நிறுவனத்தின் பக்கம் திரும்பியிருந்தால் கட்டடம் முழுக்க அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாக ஆகவேண்டியதுதான். தூர்தர்ஷனின் இலவசச் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 வழியாக வருகிறது. மாதக் கட்டணம் கிடையாது. அதில் இந்திச் சேனல்களே அதிகம் என்பதால், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு அதுதான் ஊர்ப் பேச்சு. பொது டிஷ் வேறு பக்கம் பார்த்தால் அவர்களுக்கு அது கிடைக்காது. டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்கிறவர் எல்லா வீட்டின் மாதச் செலவையும் சேர்த்து முடிவு செய்கிறார்.

யார் அவர்? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதி என்கிறது. ஆனால் அந்தப் பொது என்ற சொல்லுக்குள் வருபவர்கள் வீட்டு உரிமையாளர்கள் மட்டுமே. வாடகைக்கு இருப்பவர் பராமரிப்புக் கட்டணம் கட்டுவார். சங்கக் கூட்டத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது. மாடிச் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கும்.

இங்கேதான் சாதி வருகிறது. வாடகைக்கு வீடு தேடும் தலித் குடும்பம் சந்திக்கும் கேள்விகள் நமக்குப் புதிதல்ல. சொந்த ஊர் எது? ஊருக்குள்ளேயா, வெளியேயா? கறி சமைப்பீர்களா? ஒருவழியாக அதையெல்லாம் கடந்து குடிவந்த பிறகு, லைன் வேண்டும், சாவி கொடுங்கள், டெக்னீசியனை மாடிக்கு விடுங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்தப் பழைய விசாரணை மறுபடி தொடங்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு நிமிட வேலையாக இருப்பது இவர்களுக்கு ஒரு வாரத் தயக்கம். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்காததால், பிரச்சினையே இல்லை என்று சங்கம் சொல்லிவிடுகிறது.

கேட்டால் கொடுக்க மாட்டோமா என்பார்கள். கொடுக்கலாம். ஆனால் கேட்டுப் பெறுவது தயவு. தயவு ஆளைப் பார்த்து மாறும். எழுதிவைத்த விதி அவ்வளவு சுலபமாக மாறாது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை போன்ற இடங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. அதனால் காம்பவுண்டுக்குள் எழுதப்படும் விதிகளை நாம் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது.

டிவி எல்லாம் ஒரு பிரச்சினையா, செல்போனில் பார்க்க முடியாதா என்று தோழர்களே கேட்கிறார்கள். போன் வேலைக்குப் போகிறவரின் சட்டைப்பையில் போய்விடும். வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் மிஞ்சுவது டிவிதான். மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்படுகிறதா என்ற செய்தியை அடையாற்றங்கரையில் குடியிருக்கும் சொந்தங்களுக்காகப் பதைபதைத்துப் பார்ப்பதும் அதில்தான். 1995இல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் வானலைகளைப் பொதுச் சொத்து என்றது. தகவல் பெறுவதைக் கருத்துச் சுதந்திரத்தின் பகுதியாகவும் ஏற்றது. வானத்தில் பொதுச் சொத்தாக இருப்பது மாடிக் கதவுக்கு வந்ததும் செயலாளரின் சொத்தாகிவிடுமா?

ஸ்வீடனில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஸ்டாக்ஹோம் புறநகரான ரிங்கெபியில் ஈராக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் அரபு, பாரசீக மொழி நிகழ்ச்சிகளைப் பார்க்க டிஷ் வைத்திருந்தது. ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். டிஷ்ஷை எடுக்க மறுத்த குடும்பம் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. 2008 டிசம்பர் 16 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர்களின் தகவல் பெறும் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. இது இரண்டு தனியாருக்கு இடையிலான ஒப்பந்தம் என்று சொல்லி அரசு ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. ஆனால் அந்த வாதம் நமக்கும் பயன்படும்.

இங்கே கையில் இருப்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும். ஒன்றிய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாத அத்தியாவசியச் சேவைகளில் தண்ணீர், மின்சாரத்தோடு தகவல் தொடர்பு இணைப்பையும் சேர்த்திருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பவை மூன்று. பொது டிஷ்ஷிலிருந்து லைன் பெறும் உரிமை குடியிருக்கும் எல்லோருக்கும், வாடகைதாரர் உட்பட, சங்க விதியில் எழுதப்பட வேண்டும். தனி டிஷ்ஷைத் தடை செய்யும் கட்டடம், இலவசச் சேவைக்கென்று இன்னொரு பொது டிஷ் வைக்க வேண்டும். விண்ணப்பித்தால் எத்தனை நாளில் லைன், எவ்வளவு கட்டணம் என்பது அறிவிப்புப் பலகையில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை யாருக்காவது வீடு பார்க்கத் துணைக்குப் போனால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் மாடிக்கு ஏறிப் பாருங்கள். டிஷ் யாருடையது, எந்த நிறுவனத்துடையது, சாவி யாரிடம் என்று கேளுங்கள். கிடைத்த பதிலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், ஏன் என்று அப்போதே கேளுங்கள். குடிவந்த பிறகு அந்தக் குடும்பம் தனியாக நின்று கேட்பதைவிட, அன்று நாம் கூட நின்று கேட்பது எளிது.

ஜெய்பீம்.