ஆறு விழுக்காடு எப்போது?

நாட்டு வருவாயில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி கல்விக்குழு 1966ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதனை ஏற்றது. 1986ஆம் ஆண்டின் கொள்கை வலியுறுத்தியது. 2020ஆம் ஆண்டின் கொள்கையும் மீண்டும் உரைத்தது. எனினும் அவ்விலக்கை நாம் இன்றளவும் எட்டவில்லை.

பொருள் குறுகின் உரிமையும் குறுகும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கே உரியது. எட்டாம் வகுப்பிற்குப்பின் ஏழை வீட்டுப் பெண்ணின் படிப்புக்கு அச்சட்டம் காவல் நிற்பதில்லை.

புதிய கொள்கை வகுப்பதினும் பழைய வாக்கை நிறைவேற்றுவதே அரசுகளின் முதற்கடன் என்போம். அதுவரை, எட்டாம் வகுப்பை முடிக்கும் நம் பெண்மக்கள் அனைவரும் ஒன்பதாம் வகுப்பில் அமர்வதைப் பெரியோரும் ஆசிரியரும் மாணவருமாகிய நாம் உறுதி செய்வோமாக!