டிஷ் வைக்கக் கூரை ஏற வேண்டியதில்லை!

''எங்கள் ஓட்டு வீட்டுக் கூரையில் மீன்முள் ஆன்டெனா 20 வருஷமாக இருக்கிறது. இப்போது படமே வருவதில்லை. சந்தையில் பூஸ்டர் வைத்த 'டிஜிட்டல் ஆன்டெனா' விற்கிறார்கள். வாங்கலாமா? கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டிக் கட்டுப்படியாகவில்லை.''

- வாசகி, தருமபுரி மாவட்டம்.

வாங்க வேண்டாம். ஆன்டெனாவில் பழுதில்லை, அது பிடிக்கும் ஒளிபரப்புதான் நின்றுவிட்டது. ஒருசில நிலையங்கள் தவிர, பழைய தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் படிப்படியாக நிறுத்திவிட்டது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில்தான் தொடங்கப்பட்டது. காற்றில் இல்லாததை எந்த பூஸ்டராலும் பெருக்கித் தர முடியாது.

மாதக் கட்டணம் இல்லாத வழி, தூர்தர்ஷனின் டி.டி ஃப்ரீ டிஷ். டிஷ், எல்.என்.பி, பெட்டி, வயர் இவற்றுக்கு ஒருமுறை செலவு. பிறகு ரீசார்ஜ் கிடையாது. டி.டி தமிழ், விவசாயிகளுக்கான டி.டி கிசான், வானொலி நிலையங்கள் எல்லாம் கிடைக்கும். ஆனால், இந்திச் சேனல்களே அதிகம். தனியார் தமிழ்ச் சேனல் சீரியல்களை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டு வாங்குவது நல்லது.

பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 என்று கேட்டு வாங்க வேண்டும். எம்பெக்-2 பெட்டியில் எல்லாச் சேனலும் வராது. வீட்டில் பழைய சன் டைரக்ட் டிஷ் இருந்தால், அதுவும் இதே திசையைப் பார்ப்பதுதான். பெட்டியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். புதிதாக வாங்குவதென்றால் 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். அடைமழையில் படம் அறுவது குறைய வேண்டுமானால் 75 அல்லது 90 வாங்கலாம். காற்று அதிகமுள்ள ஊரில் அதற்கேற்ற உறுதியான குழாய் தேவை.

பழைய ஆன்டெனாவுக்கு உயரம் வேண்டும். டிஷ்ஷுக்கு உயரமே வேண்டாம்! செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கும்போது, கூரையின் பத்தடி ஒரு கணக்கா? ஓட்டை மிதித்து உடைத்து, வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளத் தேவையில்லை. முற்றத்திலோ களத்தோரத்திலோ குழி தோண்டி, சிமென்ட் போட்டு, இரும்புக் குழாயை நட்டு மாட்டலாம். ஆடு, மாடு உரசாமல் சுற்றிலும் வேலி கட்டினால் போதும். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு வைத்துப் பார்ப்பது முக்கியம். சாய்ந்திருந்தால் சிக்னல் தேடியே பொழுது போய்விடும்.

திசை, அக்னி மூலை. தமிழ்நாட்டில் இந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதனால் தூரத்து மரம் மறைக்காது. டிஷ்ஷுக்கு மேல் 20 அடி உயரமுள்ள தென்னை என்றால், மட்டை நுனியிலிருந்து 10 அடி தள்ளி வைத்தாலே போதும். இடம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பங்குனி முதல் வாரத்திலும், புரட்டாசி 10-ம் தேதியை ஒட்டியும் காலை 11 மணிவாக்கில் சூரியன் அதே இடத்தில் நிற்கும். அப்போது மர நிழல் விழாத இடம், டிஷ் வைக்க ஏற்ற இடம். அந்த நாட்களில் சில நிமிடம் படம் போனால் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். சூரியன் செய்யும் வேலை அது.

டிஷ்ஷைத் திருப்பும்போது திரையில் 'ஸ்ட்ரெங்த்' கோட்டை நம்பாமல் 'குவாலிட்டி' கோட்டைப் பாருங்கள். மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

பழைய ஆன்டெனாவைக் கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம். கம்பம் சாய்ந்தால் மின்கம்பியைத் தொடும் தூரத்தில் இருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். புதுக் குழாய்க்கு எர்த் வயர் கொடுத்தாலும், இடி தொடங்கும் முன்பே மின்பிளக்கையும், பெட்டிக்கு வரும் டிஷ் வயரையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.