நாற்காலி மாறும், சுடுகாட்டுப் பாதை மாறுமா?

2021 ஏப்ரலில் ‘கர்ணன்’ படம் வந்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொடியங்குளத்தை நினைவுபடுத்தும் படம் அது. கதை நடக்கும் காலம் 1997 என்று திரையில் போட்டிருந்தார்கள். கொடியங்குளம் நடந்தது 1995-ல், அதிமுக ஆட்சியில். 1997 என்று போட்டால் பழி திமுக மேல் விழுகிறது என்று உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்டினார். பிறகு அந்த வாசகத்தை “1990களின் பிற்பகுதி” என்று மாற்றினார்கள்.

அவர் சொன்ன ஆண்டு சரிதான். 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறையே ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடியபோது முதலமைச்சர் ஜெயலலிதா. ஆனால் அந்த வாரம் முழுக்க நடந்த விவாதத்தைக் கவனித்தீர்களா? ஒரு சேரியை அரசு ஏன் நொறுக்கியது என்பது பேச்சே இல்லை. எந்தக் கட்சியின் கணக்கில் அதை எழுதுவது என்பதுதான் பேச்சு. நம் சாவும் நம் வீடும் இந்த மாநிலத்தில் கட்சிகளின் வரவு செலவுக் கணக்காகி வெகுநாள் ஆகிறது.

இதை இப்போது எழுதக் காரணம், தேர்தல் பேச்சு தொடங்கியதிலிருந்து காலனிக்குக் காலனி என்னிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி. “இவங்க சரியில்ல, அவங்க வந்தா நல்லா இருக்குமா?” படித்த தோழர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் சுற்றி வளைத்து.

நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் ஓர் ஆயா இருக்கிறார். காலனியில் இருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வயல் வரப்பில்தான் போக வேண்டும். பயிர் நிற்கும் மாதத்தில் அதற்கும் தகராறு. ஆயாவின் தகரப் பெட்டியில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனுவின் ரசீதுகள் மூன்று இருக்கின்றன. மூன்றும் மூன்று வேறு ஆட்சிக் காலத்தவை. ஒருமுறை எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வந்து, ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, “எங்க ஆட்சி வரட்டும்மா, முதல் வேலையே இந்தப் பாதைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஆயாவை அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். “கொஞ்சம் பொறுங்கம்மா, ஊருக்குள்ள தேவையில்லாத பிரச்சனை ஆயிடும்” என்றார். விசாரித்தால், பாதை போக வேண்டிய வயல் அவர் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளருடையது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆயா கேட்டார்: “ஏம்மா, இப்ப எதிர்க்கட்சியா இருக்கறவங்க அடுத்து வந்தா பாதை வந்துடுமா?” அன்று எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

எதிர்க்கட்சியாக இருப்பது ஒரு தலைவரின் குணத்தைக் காட்டாது. அவர் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டுமே காட்டும். அந்த இருக்கையில் இருப்பவருக்கு நம் துயரத்தால் லாபம் உண்டு, செலவு இல்லை. இருக்கை மாறினால் கணக்கும் தலைகீழாகிறது.

வரலாற்றைப் பாருங்கள். எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தால் எல்லாம் மாறும் என்று இந்த மாநிலம் மிகப் பெரிதாக நம்பிய ஆண்டு 1967. காங்கிரஸ் போனது, அண்ணா முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர், ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். வழக்கின் முதன்மைக் குற்றவாளியான நிலக்கிழார் பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்.

1977-ல் எம்ஜிஆர் வந்தார். ஏழைகளின் தலைவர் என்றார்கள். 1978-ல் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1996-ல் ஜெயலலிதா தோற்றுக் கருணாநிதி வந்தார். 1997-ல் மேலவளவு. 1999 ஜூலை 23 அன்று கூலிக்காகப் பேரணி சென்ற மாஞ்சோலைத் தொழிலாளர்களைக் காவல்துறை தாமிரபரணிக்குள் விரட்டியது. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். 2011 மே மாதம் மறுபடி ஜெயலலிதா. நான்கே மாதத்தில், செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு. 2012-ல் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. 2021-ல் திமுக வந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், குற்றப்பத்திரிகையில் அதே வேங்கைவயல் தலித் இளைஞர்கள் மூவரின் பெயரை எழுதினார்கள்.

ஒவ்வொரு முறையும் எதிர்க்கட்சி வந்தது, ஆறுதல் சொன்னது, அறிக்கை விட்டது. ஒவ்வொரு முறையும் அடுத்த ஆட்சியில் அதே கட்சி ஆளுங்கட்சியாக நம் முன்னால் நின்றது.

இது பட்டியல் போடும் வேலை, இரண்டு பக்கமும் விதிவிலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். சரி, பட்டியலை விட்டுவிடுவோம். மேலவளவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1996-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் போட்டியிட்டார், வென்றார். அந்த ஒரே குற்றத்துக்காக 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வந்துகொண்டிருந்த அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நம் வழக்குகளில் அபூர்வமாகக் கிடைத்த தண்டனை அது. பிறகு என்ன நடந்தது? 2008-ல் திமுக ஆட்சி, அண்ணா நூற்றாண்டு என்று மூன்று பேரை விடுதலை செய்தது. 2019 நவம்பரில் அதிமுக ஆட்சி, எம்ஜிஆர் நூற்றாண்டு என்று 13 பேரை விடுதலை செய்தது. ஒரு கட்சி தன் தலைவரின் பிறந்தநாளுக்கு மூன்று பேரை விட்டது. அதை எதிர்க்கும் கட்சி தன் தலைவரின் பிறந்தநாளுக்கு மிச்சமிருந்தவர்களை விட்டது. முப்பது ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் ஊழல் என்றும் துரோகம் என்றும் திட்டிக்கொண்டவர்கள், முருகேசன் விஷயத்தில் மட்டும் ஒரே கோப்பில் மாறி மாறிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஏன் இப்படி? தலைவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது விளக்கம் ஆகாது. சென்னையில் ஆட்சி மாறுகிறது. ஒன்றியத்தில் என்ன மாறுகிறது? வேட்டியின் கரை மாறுகிறது. ஒன்றியச் செயலாளர், கூட்டுறவு சங்கத் தலைவர், மணல் எடுப்பவர், டாஸ்மாக் பார் நடத்துபவர், இன்ஸ்பெக்டருக்குப் போன் போடக்கூடியவர், இவர்கள் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தின் ஆதிக்க சாதியில் இருந்தே வருகிறார்கள். இந்தக் கட்சியில் அண்ணன், அந்தக் கட்சியில் தம்பி. நம் மக்கள் மாநிலத்தில் ஐந்தில் ஒருவர் என்றாலும் தொகுதிதோறும் சிதறிக் கிடக்கிறோம். ஆதிக்க சாதி வாக்கு வட்டாரத்தில் குவிந்து கிடக்கிறது. புகாரைப் பதிவு செய்தால் எந்த வாக்கு போகும், செய்யாவிட்டால் எந்த வாக்கு போகும் என்று எல்லாக் கட்சியும் ஒரே வாய்ப்பாட்டில்தான் கணக்குப் போடுகிறது.

தனித்தொகுதி எம்எல்ஏக்கள் 44 பேர் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அண்ணல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டது இந்த நிலைமையைத் தவிர்க்கத்தான். 1932 பூனா ஒப்பந்தம் அதைப் பறித்துவிட்டு, எல்லோரும் வாக்களிக்கும் தனித்தொகுதியைக் கொடுத்தது. அங்கே நிற்க சீட்டு தருவது கட்சித் தலைமை, ஜெயிக்க வைப்பது ஊர்த்தெரு வாக்கு. சபையில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே போகலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேங்கைவயலைப் பற்றிக் கத்த எத்தனை பேரால் முடியும்?

“அப்படியானால் எல்லோரும் ஒன்றுதானா? இப்படிப் பேசினால் பாஜகவுக்குத்தானே லாபம்?” என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். பாஜக எப்படி ஆளும் என்று ஊகிக்கத் தேவையில்லை. 2020-ல் உத்தரப் பிரதேசத்தின் ஹத்ராஸில், வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த தலித் பெண்ணின் உடலைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் நள்ளிரவில் எரித்தது அந்த மாநிலக் காவல்துறை. அந்தக் கட்சியைக் கூட்டணியில் வைத்துக்கொண்டு வேங்கைவயலுக்கு நீதி கேட்பவர்கள் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும். புதிதாக வருபவர்கள் பற்றியும் கேட்கிறார்கள். ஆட்சியில் இல்லாதவர் மேல் கறை இருக்காது. சோதனையில் தேறியதாகவும் ஆகாது.

எல்லோரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-ல் வந்தது. அது திமுக ஆட்சியின் நல்ல வேலை, மறுக்க மாட்டேன். ஆனால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலை நினைத்துப் பாருங்கள். 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் ஒரு தலைவரைக்கூட நிம்மதியாக உட்கார விடவில்லை. அதில் ஐந்து ஆண்டுகள் கருணாநிதி ஆட்சி, ஐந்து ஆண்டுகள் ஜெயலலிதா ஆட்சி. 2006-ல் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். அப்போதும் அதே கருணாநிதிதான் முதலமைச்சர். 1996-ல் முடியாதது அதே மனிதரால் 2006-ல் எப்படி முடிந்தது? பத்து ஆண்டுகள் விடாமல் போராடியவர்கள் அதை நாடறிந்த அவமானம் ஆக்கினார்கள். மாவட்ட நிர்வாகம் ஊருக்குள் நேரடியாக இறங்கியது. செய்யாமல் இருப்பதன் விலை, செய்வதன் விலையைவிட அதிகமானது. நமக்குக் கிடைத்தது எல்லாம் அப்படித்தான் கிடைத்தது.

ஆகவே “அவர்கள் வந்தால் நல்லாட்சி தருவார்களா?” என்ற கேள்வியைக் கீழே போடுங்கள். உங்கள் காலனிக்கு வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இவற்றைக் கேளுங்கள்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-ல் 16-வது விதி, முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும் என்கிறது. பத்து ஆண்டுக்கு 20 கூட்டம். உங்கள் தலைவர் முதலமைச்சராக இருந்தபோது எத்தனை கூட்டம் நடத்தினார்? அந்த வாய்ப்பே இல்லாதவர் என்றால், முதல் ஜூலையில் கூட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பாரா?

கடமையைச் செய்யாத அதிகாரிக்குச் சிறைத் தண்டனை உண்டு என்கிறது சட்டத்தின் 4-வது பிரிவு. புகாரை வாங்காத எந்த அதிகாரி மேல் அதைப் பயன்படுத்தினீர்கள்?

ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்துக்கு மத்தியச் சட்ட ஆணையம் 2012-லேயே வரைவு கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் அதிமுக ஆண்டது, சட்டம் வரவில்லை. 2021-ல் திமுக வந்தது; 2025 ஜூலையில் நெல்லையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில்தான் முன்னாள் நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்கள். இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தீர்கள்?

சாதிப் படுகொலைக் கைதிகளை இனி எந்தத் தலைவரின் பிறந்தநாளுக்கும் விடமாட்டோம் என்று சொல்ல முடியுமா? பொதுத் தொகுதியில் எத்தனை தலித்துகளை நிறுத்துகிறீர்கள்? இந்த மாவட்டத்தில் உங்கள் ஒன்றியச் செயலாளர்களில் எங்கள் ஆள் எத்தனை பேர்? இந்தக் கடைசி இரண்டுக்கும் ஆட்சி தேவையில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போதே செய்துகாட்டலாம். அதைச் செய்யாதவர் கோட்டைக்குப் போய் என்ன செய்வார் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டாம்.

வாக்கைப் போடுங்கள், வீணாக்காதீர்கள். குறைந்த தீமை எது என்று உங்கள் ஊர் நிலைமையைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். வாக்கோடு சேர்த்து நம்பிக்கையையும் பெட்டியில் போட்டுவிட்டு ஐந்து ஆண்டு தூங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான். யார் ஜெயித்தாலும் மறுநாள் காலையில் நாம் எதிர்க்கட்சிதான்.

ஆயாவிடம் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான். அவர்கள் வந்தால் பாதை வராது, ஆயா. அடுத்த திங்கள்கிழமை நான்காவது மனுவோடு போகிறோம். இந்த முறை நீங்கள் தனியாக வர வேண்டாம். காலனியே வருகிறது. வரப்பின் சர்வே எண், பழைய ரசீது மூன்று, எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜெய் பீம்.