பக்கவாதம் வந்தவரை மூலையில் போடாதீர்கள்!

காலையில் ஷிப்டுக்குப் போனவர், மாலையில் கை விளங்காமல் விழுகிறார். வாய் கோணுகிறது. பேச்சு குழறுகிறது. பக்கவாதம்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இது ஒருவருக்கு வந்த நோய் மட்டும் அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் உள்ள வட்டாரம் இது. கையை நம்பி வாழும் குடும்பங்கள் அதிகம். அந்தக் கை விழுந்தால் அடுப்பும் அணையும்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்தாலும், வெடித்தாலும் பக்கவாதம் வரும். அடைப்பைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பு ஸ்கேன் எடுக்க வேண்டும். எனவே, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரை ஏறும். புறா ரத்தம் தடவினால் குணமாகாது. பறவையின் உயிரும் போகும். பொன்னான நேரமும் போகும்!

உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகு என்ன நடக்கிறது?

"இனி அவ்வளவுதான்" என்று பலரைக் கட்டிலோடு விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு. மூளையில் ஒரு பகுதி கெட்டால், மற்றப் பகுதிகள் அந்த வேலையை ஓரளவு பழகிக்கொள்ளும். அதற்குத் தினமும் பயிற்சி வேண்டும். முதல் சில மாதங்களில் செய்யும் பயிற்சிக்குப் பலன் அதிகம். சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். நேரம் ஆனால் ஆகட்டும். பேச்சு போனவருக்குப் புத்தி போய்விடவில்லை. அவர் காதுபட "பாரம்" என்று பேசாதீர்கள்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது இத்திட்டம். கை, கால்களுக்குப் பயிற்சி தரவும் வீட்டுக்கு ஆள் வருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உடம்பு தேறியது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மறுபடியும் தாக்கினால் ஆபத்து அதிகம்.

ஆனால், பயிற்சி தருகிறவர் தினமும் வர முடியாது. மனைவியோ வேலைக்குப் போயாக வேண்டும். அங்கேதான் அக்கம்பக்கம் வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு மணி நேரம் துணை இருக்கலாம். கூட வேலை செய்தவர், மாலையில் கைபிடித்துத் தெருமுனை டீக்கடை வரை நடத்திச் செல்லலாம். அதற்குக் காசு செலவில்லை.

உயிரைக் காப்பது டாக்டரின் கடமை. காத்த உயிரை மறுபடி மனிதர்களோடு சேர்ப்பது தெருவின் கடமை!